சாரதி யார்?

"ஒரு பந்துக்காக வீட்டையே விற்கச் சொல்கிறான் இந்தப் பிள்ளை! நீயே கேளப்பா இந்த நியாயத்தை!"

அட்லாண்டா விமான நிலையத்தில் என் பெட்டியைக் காரில் தூக்கி வைத்ததும் அண்ணா சொன்ன முதல் வார்த்தை இதுதான். "சௌக்கியமா? பிரயாணம் எப்படி?" என்றெல்லாம் விசாரிக்க அவருக்குப் பொறுமை இல்லை. அண்ணா என்றால் என் பெரியப்பா பிள்ளை. அமெரிக்காவில் குடியேறி இருபது வருஷம் ஆகிறது. பின் ஸீட்டில் காதில் ஏதோ கருவியைச் செருகிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவன் அவருடைய ஒரே பிள்ளை. பதினாறு வயது, பத்தாம் வகுப்பு.

விஷயம் இதுதான். பையன் பள்ளிக்கூடத்துக் கால்பந்து கோஷ்டியில் 'குவார்ட்டர்பேக்' ஸ்தானத்துக்குப் போட்டியிட்டான். இரண்டு வருஷம் காத்திருந்து, இனி இடம் நமக்குத்தான் என்று நம்பியிருந்த சமயத்தில், வேறு ஊரிலிருந்து புதிதாக ஒரு பையன் வந்து சேர்ந்தான். பயிற்சியாளர் இரண்டு பேரையும் பார்த்தார். "அவன் முதல், நீ இரண்டாவது" என்று சொல்லிவிட்டார். அந்த ஊரில், குடியிருக்கும் வீட்டை வைத்துத்தான் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று தீர்மானிக்கிறார்களாம். ஆகவே வீட்டை விற்றுவிட்டு வேறு பேட்டைக்குப் போனால் வேறு பள்ளிக்கூடம். வேறு பள்ளிக்கூடத்தில் முதல் இடம் கிடைக்கும். இது பையனின் கட்சி. பந்தை விட்டுவிட்டுக் கணக்கைப் படிக்கட்டும் என்பது அண்ணியின் கட்சி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார் அண்ணா.

"நீ பத்திரிகைக்காரன், நாலு வார்த்தை புத்தி சொல்லு" என்றார்.

புத்தி சொல்கிற உத்தியோகம் எனக்கு என்றைக்கும் ஒத்து வந்ததில்லை. அதிலும் இந்த விஷயத்தில் எனக்கு என்ன யோக்கியதை? கல்லூரி நாட்களில் கிரிக்கெட் கோஷ்டியில் மூன்று வருஷம் பன்னிரண்டாவது ஆளாக இருந்து, தண்ணீர்த் தட்டு சுமந்த பெருமை ஒன்றுதான் எனக்கு உண்டு! இருந்தாலும் 2025-ஆம் வருஷத்து ஏப்ரல் மாதத்தில், அந்தப் பையனும் நானும் இரண்டு நாள் சேர்ந்து ஒரு யாத்திரை போய் வந்தோம். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

காலுக்கு வேலை இல்லாத கால்பந்து

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் கால்பந்து என்றால் நம் ஊர் கால்பந்து அல்ல. பெயர்தான் கால்பந்து; ஆடுவது பெரும்பாலும் கையால். பந்தும் உருண்டை அல்ல. இரண்டு முனையும் கூராக, பெரிய கோழிமுட்டை மாதிரி இருக்கும். பக்கத்துக்குப் பதினோரு பேர். மைதானத்தின் நீளம் 100 கஜம். பந்தை வைத்திருக்கும் கோஷ்டிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்த நான்குக்குள் 10 கஜம் முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு முயற்சிகள். முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்கு. எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளிகள். அதற்கு 'டச்டவுன்' என்று பெயர். கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மூன்று.

ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் போய்ச் சேரும் கை குவார்ட்டர்பேக்கின் கைதான். அவருக்குக் கிடைக்கும் அவகாசம் மூன்று நான்கு விநாடி. அதற்குள் நாலா பக்கமும் பார்க்க வேண்டும். எறிவதா, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதா, தாமே ஓடுவதா என்று தீர்மானிக்க வேண்டும். இதையெல்லாம் அவர் யோசிக்கும்போது, ஆளுக்கு முந்நூறு பவுண்டு எடையுள்ள நாலைந்து பீமசேனர்கள் அவரைத் தரையோடு தரையாக அமுக்கிவிட ஓடி வருவார்கள்!

மற்ற ஸ்தானங்களில் ஆளை மாற்றி மாற்றி இறக்கலாம். நாதஸ்வரக் கோஷ்டியில் இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கலாம். ஆனால் ஒரு தேருக்கு இரண்டு சாரதி கிடையாது. குவார்ட்டர்பேக் ஒருவர்தான். முதல் ஆள் எல்லா ஆட்டமும் ஆடுவார். இரண்டாவது ஆள் வருஷம் முழுவதும் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பார். முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் திறமையில் நூலிழை வித்தியாசம்தான் இருக்கும். வாழ்க்கையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அட்லாண்டாவில் ஓர் இரவு

மறுநாள் அண்ணா ஊரைச் சுற்றிக் காட்டினார். நகரத்தின் நடுவே ஒரு பிரம்மாண்டமான கட்டடம். கூரை, பூவிதழ் மாதிரி திறந்து மூடுமாம். மெர்ஸிடிஸ் பென்ஸ் ஸ்டேடியம் என்று பெயர். அதுவரை வாயைத் திறக்காத பையன் திடீரென்று காதுக் கருவியைக் கழற்றினான்.

"சித்தப்பா, இங்கேதான் ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்தார்கள்" என்றான்.

அவன் போட்டிருந்த பச்சைச் சட்டையின் முதுகில் அந்தப் பெயர்தான் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன், 2025 பிப்ரவரி 9-ஆம் தேதி, 'ஸூப்பர் பவுல்' என்ற மகா பந்தயத்தில் ஃபிலடெல்ஃபியா கோஷ்டி 40-க்கு 22 என்று ஜெயித்தது. அதன் சாரதி ஜேலன் ஹர்ட்ஸ். அன்றைய தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவருக்கே. இப்பேர்ப்பட்டவரை உட்கார வைத்தார்களா? கதையைக் கேட்டேன். பையன் மடமடவென்று சொன்னான்.

ஜேலன், டெக்ஸஸ் மாகாணத்தின் ஹூஸ்டன் நகரத்துப் பக்கத்தில் வளர்ந்தவர். தகப்பனாரே பள்ளிக்கூடத்தில் கால்பந்துப் பயிற்சியாளர். 2016-ல் அலபாமா சர்வகலாசாலையில் சேர்ந்தார். முதல் ஆட்டத்தைத் தொடங்கியவர் வேறொரு மாணவர். நடுவில் இறக்கப்பட்ட ஜேலன், முதல் தடவை பந்து கைக்கு வந்ததும் அதை நழுவ விட்டார்! ஆனாலும் அன்று அலபாமா 52-க்கு 6 என்று ஜெயித்தது. அடுத்த ஆட்டத்திலிருந்து சாரதி ஜேலன்தான். இடத்தை இழந்த மாணவர் அந்த மாதம் முடிவதற்குள் சர்வகலாசாலையை விட்டே போய்விட்டார். முதல் வருஷத்து மாணவர் ஒருவர் அங்கே அந்த ஸ்தானத்தில் ஆட்டத்தைத் தொடங்கியது 32 வருஷத்துக்குப் பிறகு அதுவே முதல் தடவை. இரண்டு வருஷத்தில் அவர் தொடங்கிய ஆட்டங்களில் ஜெயித்தவை 26. தோற்றவை இரண்டே இரண்டு.

ஆனால் 2018 ஜனவரி 8-ஆம் தேதி இரவு, இதே அட்லாண்டா ஸ்டேடியத்தில் ஜார்ஜியா சர்வகலாசாலையோடு தேசிய இறுதிப் பந்தயம். பாதி ஆட்டம் முடிந்தபோது ஜார்ஜியா 13, அலபாமா பூஜ்யம். ஜேலன் எட்டு முறை எறிந்ததில் மூன்றுதான் சரியாகப் போய்ச் சேர்ந்தது. இடைவேளை முடிந்து அலபாமா திரும்பி வந்தபோது பந்தை வாங்கிக்கொண்டவர் ஜேலன் அல்ல. டுவா டாங்கோவைலோவா என்ற முதல் வருஷத்து மாணவர். ஹவாயில் பிறந்த ஸமோவாக்காரர். இடது கையால் எறிகிறவர்.

டுவா ஆட்டத்தைச் சமன் செய்தார். 20-க்கு 20. அதிக நேரம் கொடுக்கப்பட்டது. ஜார்ஜியா உதைத்து மூன்று புள்ளி சேர்த்தது. அடுத்து அலபாமாவின் முறை. முதல் முயற்சியிலேயே டுவாவைப் பிடித்து அமுக்கிவிட்டார்கள். 16 கஜம் நஷ்டம். இரண்டாவது முயற்சி, போக வேண்டிய தூரம் 26 கஜம். ஸ்டேடியத்தில் பாதிப் பேர் மூச்சு விடவில்லை. டுவா நிதானமாக ஒரு பக்கம் பார்த்தார். மறு பக்கம் எறிந்தார். 41 கஜம் பறந்த பந்து டெவான்டா ஸ்மித்தின் கையில் போய் விழுந்தது. டச்டவுன்! 26-க்கு 23. அலபாமாவுக்குத் தேசிய வெற்றிக் கேடயம்.

"அப்புறம் ஜேலன்?" என்று கேட்டேன்.

"ஓடிப் போய் டுவாவைக் கட்டிக்கொண்டார்" என்றான் பையன். பிறகு, "எப்படித்தான் முடிந்ததோ!" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த முணுமுணுப்பைக் கேட்டபோதுதான் எனக்கு யோசனை உதித்தது. அலபாமா சர்வகலாசாலை இருக்கும் டஸ்கலூஸா என்ற ஊர் அங்கிருந்து சுமார் 200 மைல். நேராக ரயில் உண்டு. "வருகிறாயா?" என்றேன். காதுக் கருவி மறுபடியும் கழன்றது.

பிறைச் சந்திரனில் பிரயாணம்

அந்த ரயிலுக்குக் 'கிரெஸென்ட்' என்று பெயர். பிறைச் சந்திரன் என்று பொருள். நியூயார்க்கிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகிற வண்டி. காலையில் அட்லாண்டாவில் ஏறினோம். அண்ணி கட்டிக் கொடுத்த புளியோதரையும் தயிர் சாதமும் அலபாமா எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே காலி. வழி நெடுகப் பைன் மரக் காடுகள், நடுநடுவே செம்மண். எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். "ஒரு மணி நேரம் லாபம்!" என்றேன். பையன் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான். இரும்புத் தொழிலுக்குப் பேர் போன பர்மிங்ஹாம் நகரைக் கடந்து, மத்தியானம் டஸ்கலூஸாவின் சின்னஞ்சிறு செங்கல் ஸ்டேஷனில் இறங்கினோம்.

ஊரின் ஜனத்தொகை ஏறக்குறைய ஒரு லட்சம். ஊரின் நடுவே சர்வகலாசாலை. அதன் ஸ்டேடியத்தில் உட்காரக்கூடியவர்களின் தொகையும் ஏறக்குறைய ஒரு லட்சம்! அதாவது, கைக்குழந்தை முதல் கிழவி வரை ஊரே ஒரு நாள் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தாலும் இடம் உண்டு. 1929-ல் திறந்தபோது 12,000 பேர்தான் உட்காரலாமாம். பிரையன்ட்-டென்னி ஸ்டேடியம் என்று பெயர்.

அலபாமா கோஷ்டிக்குச் 'செந்நிற அலை' என்று பட்டப் பெயர். 1907-ல் மழையில் செஞ்சேற்றில் புரண்டு ஆடியதால் வந்தது என்கிறார்கள். சின்னமோ யானை! நம் ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, கடைக்குக் கடை யானைப் பொம்மையைப் பார்த்ததில் எனக்குச் சொந்தக்காரர்களைச் சந்தித்த சந்தோஷம்.

ஸ்டேடியத்தின் வாசலில் வரிசையாக ஐந்து வெண்கலச் சிலைகள். ஐவரும் தேசிய வெற்றி தேடித் தந்த பயிற்சியாளர்கள். அதில் பால் பிரையன்ட் 1958 முதல் 1982 வரை இருந்து ஆறு தடவை தேசிய வெற்றி கண்டவர். 'கரடி' என்று செல்லப் பெயர். ஐந்தாவது சிலை நிக் சேபன். அலபாமாவுக்கு அவரும் ஆறு வெற்றிகள் தேடித் தந்து, 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார். அந்த ஜனவரி இரவில் ஜேலனை உட்கார வைத்தவர் இவர்தான். பையன் அந்தச் சிலைக்கு முன்னால் வெகு நேரம் நின்றான். கோபமா, பக்தியா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அங்கிருந்து சிறிது தூரத்தில் ஃபாஸ்டர் மண்டபம். 1963 ஜூன் 11-ஆம் தேதி, விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரண்டு கறுப்பு மாணவர்கள் இங்கே சேர வந்தபோது, மாகாண கவர்னர் ஜார்ஜ் வாலஸே வாசலை மறித்துக்கொண்டு நின்றார். ஜனாதிபதி கென்னடியின் உத்தரவு வந்த பிறகே வழி விட்டார். இங்கே கால்பந்துக்காக உபகாரச் சம்பளம் பெற்ற முதல் கறுப்பு மாணவர் வில்பர் ஜாக்ஸன் வந்து சேர்ந்தது 1970-ல். இன்று மண்டபத்துக்கு முன்னுள்ள சதுக்கத்துக்கு மலோன், ஹூட் இருவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அந்த வாசலில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. ஒரு காலத்தில் உள்ளே நுழையவே முடியாது என்று தடுக்கப்பட்ட இனத்துப் பிள்ளை ஒருவரும், பசிபிக் சமுத்திரத் தீவிலிருந்து வந்த பிள்ளை ஒருவரும், இந்தச் சர்வகலாசாலையின் மிகப் பெரிய ஸ்தானத்துக்குப் போட்டியிட்டபோது, மாகாணம் முழுவதும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: யார் நன்றாக எறிகிறார்?

ஓரத்தில் நின்றவர்

சாயங்காலம் பசி. 'ட்ரீம்லாண்ட்' என்ற சாப்பாட்டுக் கடை ஊரில் பிரசித்தம். பிரையன்ட் பயிற்சியாளராக வந்த அதே 1958-ல் தொடங்கியதாம். பன்றி விலா எலும்பைத் தணலில் வாட்டிக் கொடுப்பார்கள். சைவனான நான் வெள்ளை ரொட்டியைக் காரக் குழம்பில் தோய்த்துத் தின்றேன். கடைசியில் வந்த வாழைப்பழப் புட்டிங்கில் நஷ்டத்தை ஈடு கட்டினேன்.

பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர். எழுபது வயதிருக்கும். பையனின் பச்சைச் சட்டையைப் பார்த்துவிட்டுத் தாமாகவே பேச வந்தார். அந்த ஊரில் கால்பந்து பேச அறிமுகம் தேவையில்லை.

2018-ஆம் வருஷத்தைப் பற்றிக் கேட்டேன். அப்பா! ஊரே இரண்டு கட்சி என்றார் அவர். வீட்டுக்குள் புருஷன் ஒரு கட்சி, பெண்டாட்டி ஒரு கட்சி. வசந்த காலம் முழுவதும், கோடை முழுவதும் அதே பேச்சு. பயிற்சியில் குவார்ட்டர்பேக்குகளை யாரும் இடித்துத் தள்ளக் கூடாது; அதற்காக அவர்களுக்கு வேறு நிறச் சட்டை கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்தச் சட்டைக்குள் படுகிற அடி வேறு. முதல் வரிசை ஆட்டக்காரர்களோடு இன்று யாருக்கு எத்தனை முறை பயிற்சி என்பதை எல்லோரும் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு எறிதலும் படம் பிடிக்கப்படும்; மறுநாள் அறையில் திரையிடப்படும். தப்பு செய்தால் அடுத்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

செப்டம்பர் முதல் தேதி ஆட்டம் ஆரம்பமானது. டுவா முதல், ஜேலன் இரண்டாவது. பெரிய வெற்றிக்குப் பிறகுகூட, இருவரைப் பற்றிக் கேட்ட பெண் நிருபரிடம் சேபன் எரிந்து விழுந்தார். பிறகு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். அவ்வளவு சூடு!

அந்த வருஷம்தான் ஒரு புதிய விதி வந்தது. நான்கு ஆட்டத்துக்கு மேல் ஆடாதவருக்கு அந்த வருஷம் கணக்கில் சேராது. நான்காவது ஆட்டத்தோடு நின்றுகொண்டால் ஒரு வருஷம் மிச்சம். வேறு இடத்துக்குப் போய் முதல் ஆளாக ஆடலாம். க்ளெம்ஸன் சர்வகலாசாலையில் இதே போல் இடத்தை இழந்த குவார்ட்டர்பேக், நான்கு ஆட்டம் முடிந்ததும் செப்டம்பரிலேயே கிளம்பிவிட்டார். ஜேலனும் போய்விடுவார் என்றுதான் பலரும் எண்ணினார்கள்.

ஜேலன் போகவில்லை. ஐந்தாவது ஆட்டத்திலும் இறங்கினார். சில நிமிஷங்கள் ஆடினார்; மற்ற நேரமெல்லாம் ஓரத்தில் நின்றார். டிசம்பரில் பட்டமும் வாங்கினார்.

"அவர் போயிருக்கலாமே, ஏன் போகவில்லை?" என்று பையன் கேட்டான்.

பெரியவர் எலும்பைத் தட்டில் வைத்தார். அது தமக்குத் தெரியாது என்றார். ஆனால் டிசம்பர் முதல் தேதி நடந்தது தெரியும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது.

2018 டிசம்பர் 1. அதே அட்லாண்டா, அதே ஸ்டேடியம், அதே ஜார்ஜியா கோஷ்டி. அன்றைக்கு டுவாவுக்கு ஒன்றும் சரியாக அமையவில்லை. இரண்டு பந்துகள் எதிரியின் கைக்குப் போயின. கணுக்காலிலும் அடிபட்டது. ஆட்டம் முடியப் பதினோரு நிமிஷம் போல இருக்கும்போது அவரால் ஊன்றி நடக்க முடியவில்லை. ஜார்ஜியா 28; அலபாமா 21. ஜேலன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

எந்த இடத்தில் எட்டுக்கு மூன்று என்று எறிந்ததற்காக உட்கார வைத்தார்களோ, அதே இடத்தில் ஒன்பதுக்கு ஏழு எறிந்தார். ஒரு டச்டவுன் எறிந்து சமன் செய்தார். ஆட்டம் முடிய ஒரு நிமிஷமும் நான்கு விநாடியும் இருந்தபோது, எறிய ஆள் தேடாமல் தாமே பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு 15 கஜம் ஓடிக் கோட்டைத் தாண்டினார். 35-க்கு 28! கல்நெஞ்சர் என்று பேர் வாங்கிய சேபனுக்கு அன்று பேட்டியில் தொண்டை அடைத்துக்கொண்டது.

"நான் கிழவன். மகள் கல்யாணத்தில்கூட அழவில்லை" என்றார் பெரியவர். மேற்கொண்டு சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

போனவர்களும் இருந்தவர்களும்

இரவு விடுதிக்குத் திரும்பிய பிறகு பையன் விளக்கை அணைக்கவில்லை. கைபேசியில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"சித்தப்பா, ஜனவரி 8-லிருந்து டிசம்பர் 1 வரை 327 நாள்" என்றான்.

"அப்படியா!"

"நமக்கு இப்போது டிசம்பர் தெரியும். அவருக்குத் தெரியாதே? டிசம்பர் வராமலே போயிருக்கலாம் அல்லவா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? வராமலே போயிருக்கலாம்தான். டுவாவின் கால் மடங்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. காத்திருந்தவர்களுக்கெல்லாம் டிசம்பர் வந்துவிடுவதில்லை. போவது தப்பு என்று சொல்வதற்கும் எனக்கு வாய் இல்லை. ஓஹையோவில் இடம் கிடைக்காமல் 2018-ல் லூயிஸியானாவுக்குப் போனார் ஜோ பர்ரோ. அடுத்த வருஷமே தோல்வியே இல்லாமல் தேசிய வெற்றி கண்டார். அவ்வளவு ஏன்? டுவாவே, அந்த ஜனவரி இறுதி ஆட்டத்திலும் இறங்காவிட்டால் வேறு சர்வகலாசாலைக்குப் போய்விடுவதாக இருந்ததைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இடைவேளையில் சேபன் வேறு விதமாக யோசித்திருந்தால், அந்த 41 கஜப் பந்து அலபாமாவுக்காகப் பறந்திருக்காது.

ஜேலனும் கடைசி வரை அலபாமாவில் இருந்துவிடவில்லை. 2019 ஜனவரியில், பட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒக்லஹோமா சர்வகலாசாலைக்குப் போனார். நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதில் அந்த வருஷம் இரண்டாவதாக வந்தார். முதலாவது யார் தெரியுமா? மேலே சொன்ன ஜோ பர்ரோதான்! 2020-ல் தொழில்முறைக் கோஷ்டிகள் ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது பர்ரோ முதலாவது, டுவா ஐந்தாவது, ஜேலன் ஐம்பத்து மூன்றாவது. ஐந்து வருஷம் கழித்து ஸூப்பர் பவுல் கேடயத்தைத் தூக்கியது அந்த ஐம்பத்து மூன்றாவது கை.

இன்று விதிகள் முற்றிலும் மாறிவிட்டன. முன்பெல்லாம் சர்வகலாசாலை மாறினால் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டும். பட்டம் பெற்றவருக்கு மட்டும் விலக்கு. 2021-ல் அந்தத் தடை முதல் மாற்றத்துக்கு நீங்கியது. 2024-ல், படிப்பு சரியாக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆகிவிட்டது. 2021 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் சர்வகலாசாலைகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். பிள்ளைகளின் உழைப்பில் கோடி கோடியாகச் சம்பாதித்தவர்கள் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு கொடுப்பது நியாயம்தானே? ஆனால் இடம் இல்லை என்று திங்கட்கிழமை தெரிந்தால், வெள்ளிக்கிழமைக்குள் பெட்டியைக் கட்டிவிடுவது சர்வசாதாரணமாகிவிட்டது. ஓரத்தில் நிற்கிற கலை மெல்ல மறைந்து வருகிறது.

முழுவதும் மறைந்துவிடவில்லை. நாங்கள் போயிருந்த சமயத்திலும் டஸ்கலூஸாவில் அதே போட்டி நடந்துகொண்டிருந்தது. அந்த முறை மூன்று பேர்: டை ஸிம்ப்ஸன், ஆஸ்டின் மாக், புதிதாக வந்த கீலன் ரஸ்ஸல். இதில் ஸிம்ப்ஸன் 2022-ல் சேர்ந்தவர். மூன்று வருஷம் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர். ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. நான்காவது வருஷம் ஸ்தானம் அவருக்கே கிடைத்தது.

சிமெண்டில் ஒரு கை

மறுநாள் ரயில் பிடிக்கும் முன், சர்வகலாசாலையின் மணிக்கூண்டைப் பார்க்கப் போனோம். டென்னி மணிக்கூண்டு, 115 அடி உயரம். அதன் அடிவாரத்தில் ஒவ்வொரு வருஷத்துக் கேப்டன்களும் ஈரச் சிமெண்டில் கையையும் காலையும் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குள் மழை லேசாகத் தூறியிருந்தது. பதிந்த கைகளிலெல்லாம் தண்ணீர் தேங்கி நின்றது.

1964-ன் கேப்டன் ஜோ நேமத்தின் கையைத் தேடிப் பிடித்தோம். அவரும் ஒரு குவார்ட்டர்பேக், மகா பிரபலம். கட்டுப்பாட்டை மீறினார் என்று 1963-ன் கடைசி இரண்டு ஆட்டங்களிலிருந்து அவரை விலக்கி வைத்தார் 'கரடி' பிரையன்ட். நேமத் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அடுத்த வருஷம் கேப்டனாக வந்தார்.

பையன் மண்டியிட்டு, தண்ணீரை வழித்துவிட்டு, அந்தக் கைப் பதிவில் தன் கையை வைத்துப் பார்த்தான். விரல்கள் எட்டவில்லை. ஒன்றும் சொல்லாமல் எழுந்து கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ரயில் தாமதம். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தபோது, "சித்தப்பா, நீங்கள் மூன்று வருஷம் தண்ணீர் கொண்டு போனீர்களே, ஒரு தடவைகூட ஆடவில்லையா?" என்று கேட்டான். அண்ணா இதையெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்!

"ஒரே ஒரு தடவை. ஒருவனுக்குக் காய்ச்சல். இறங்கினேன்."

"எத்தனை ரன்?"

"நாலு."

அவன் சிரிக்கவில்லை. "அதற்காவது தயாராக இருந்தீர்களே" என்றான். என் ஆட்டத்தை இதுவரை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை.

பிறகு கைபேசியை எடுத்து வீட்டுக்குப் பேசினான். அவனுடைய அரைகுறைத் தமிழில் பேசியது என் காதில் விழுந்தது: "அம்மா, திங்கட்கிழமை பிராக்டிஸ் இருக்கு. என் ஷூ கராஜிலே இருக்கு. ஈரமா இருந்தா வெயில்லே வை, ப்ளீஸ்."

அக்டோபரில் அண்ணாவிடமிருந்து கடிதம் வந்தது. வீடு விற்கப்படவில்லை. கணக்கில் மார்க் பரவாயில்லை. பையன் இன்னமும் இரண்டாவது ஆள்தான். ஆட்ட நாட்களில் அண்ணியும் போய் உட்கார்ந்திருக்கிறாளாம். மைதானத்தைப் பார்ப்பதே இல்லையாம். தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்கிறவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.